புணை நிற்க ஓர் ஆள்

பிறர் வீட்டு நாயைக் காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போவதும், அவர்கள் வெளியூர் போனால் அதற்குச் சோறு வைத்துப் பார்த்துக்கொள்வதும் இப்போது ஒரு தொழில். சென்னையில் சில காலமாக நடப்பது, நம் காஞ்சிபுரத்துக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் அமெரிக்காவில்; பெற்றவர்கள் ஆறு மாதம் அங்கே போய்விடுகிறார்கள்; நாயை யாரிடம் விடுவது? வேலை இருக்கிறது. ஆனால் புதிதாக இறங்குகிறவனுக்கு முதல் வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. வாயில்லா ஜீவனையும் வீட்டுச் சாவியையும் முன்பின் தெரியாதவனிடம் யார் கொடுப்பார்கள்?

இந்தச் சிக்கலை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் கோயில்கள் சந்தித்திருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் செய்த ஏற்பாடு இது: ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. இவற்றை இடையர்களிடம் ஒப்படைத்து, விளக்கு ஒன்றுக்குத் தினமும் ஓர் உழக்கு நெய் வாங்கினார்கள். இப்படி விடப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று சொல்லும். ஆடு சாகாதா, கிழடாகாதா என்று கேட்கலாம். சாகும்தான். செத்ததற்குப் பதில் குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் காப்பது இடையர் பொறுப்பு. தொண்டை மண்டலத்தில் விளக்குக்கு 32 பசுவும் ஒரு காளையும் விடுவது பிற்காலச் சோழர் காலத்தில் பரவலான வழக்கம். நம் வரதராஜப் பெருமாள் கோயில் சுவர்களிலும் விளக்குக்குப் பசு விட்ட செய்திகள் உண்டு. பிரதட்சிணம் செய்யும்போது கொஞ்சம் நின்று பாருங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தஞ்சைக் கல்வெட்டு இடையன் பெயரைச் சொல்வதோடு நிற்பதில்லை. அவனோடு சேர்ந்து நெய் அளக்கக் கடமைப்பட்ட உறவினர் பெயர்களையும் வெட்டி வைத்திருக்கிறது. வேறு ஊர்களில் இடையர்கள் ஒருவருக்கொருவர் புணை நின்றிருக்கிறார்கள். புணை என்றால் இன்றைய ஜாமீன். ‘இவன் தவறினால் நாங்கள் பொறுப்பு’ என்று சொல்ல நாலு பேர் இருந்தால்தான் மந்தை கைக்கு வரும். ஒண்டிக்கட்டைக்கு மந்தை கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

வெள்ளைக்காரர் காலத்தில் மனிதருக்குப் பதில் காகிதம் புணை நின்றது. 1843-இல் வெளிவந்த ‘லெட்டர்ஸ் ஃப்ரம் மெட்ராஸ்’ என்ற புத்தகத்தில், ஒரு ஜட்ஜின் மனைவி தன் வீட்டு வேலைக்காரர்களைப் பட்டியல் போடுகிறாள். சமையல்காரன், குதிரைக்காரன், புல் அறுக்கிறவன், கோழி பார்க்கிறவன் என்று நீளும் அந்த வரிசையில் நாய்ப் பையன் ஒருவனும் உண்டு. நாயைக் குளிப்பாட்டி, உண்ணி பொறுக்கி, உலாவக் கூட்டிப்போவதற்கென்றே ஓர் ஆள்! இப்படிப்பட்டவர்கள் வேலை தேடிப் போகும்போது காட்டுவது பழைய துரை எழுதிக் கொடுத்த ‘சிட்’. நம்முடைய சீட்டுதான் அது என்று நினைத்துவிடாதீர்கள்; ‘சிட்டி’ என்ற வடநாட்டுச் சொல்லிலிருந்து வந்தது.

அந்தச் சிட்டைச் சுமந்தவனில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. திட்டி எழுதியதையும் பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்து, அடுத்த துரையிடம் பணிவாக நீட்டுவான். துரைமார் இதை வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் துரையிடம் சிட் வாங்காதவன் என்ன செய்வான்? அடுத்தவன் சிட்டை இரவல் வாங்குவான், வாடகைக்குக்கூடக் கிடைத்ததாம். குமாஸ்தா உத்தியோகத்தில் நானும் எத்தனையோ நன்னடத்தைச் சான்றிதழ் டைப் அடித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். காகிதத்தின் மதிப்பு எனக்குத் தெரியும்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்ததால் பாரிஸ் நினைவும் வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் சேன் நதிப் பாலங்களிலும் கரைகளிலும் நாய்க்கு முடி வெட்டுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் புணையும் வேண்டாம், சிட்டும் வேண்டாம். வேலை எல்லார் கண்ணெதிரிலும் நடக்கிறது. பிடித்தால் உன் நாயைக் கொடு. 1960-களில் நியூயார்க்கில் ஜிம் பக் என்பவர், விற்பனையாளர் வேலையை விட்டுவிட்டு நாய் நடத்துவதையே பிழைப்பாக்கிக் கொண்டார். ஒரு கொத்தாகப் பெரிய பெரிய நாய்களைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்ததைவிட அவருக்கு வேறு விளம்பரம் எதற்கு? ஆனால் வீட்டுக்காரர் இல்லாதபோது உள்ளே போய்ப் பார்த்துக்கொள்கிறவனின் வேலையை யார் பார்க்கிறார்கள்? அவன் நிலைமை நம் இடையர் நிலைமைதான்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பையன் இந்தத் தொழிலில் இறங்கினான். தகப்பன் இல்லை; அம்மா தறி வீட்டில் பாவு புணைக்கப் போகிறவள். நோட்டீஸ் அடித்துக் கடைகளில் ஒட்டினான். இரண்டு மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசியில் அவனுக்காகப் பேசியது பால்காரர். விடியற்காலையில் வீடு வீடாகப் போகிறவர் அவர். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது கடிக்கும் என்று அவருக்கு அத்துப்படி. “நம்ம பையன்தாம்மா, நான் சொல்றேன், விடுங்க” என்று ஓய்வு பெற்ற டீச்சர் அம்மா ஒருவரிடம் சொன்னார். முதல் பத்து நாள் அந்த அம்மா வீட்டில் இருக்கும்போதே பையன் வந்து நாயோடு பழகினான். அதற்குப் பிறகுதான் அவர் பெங்களூருக்கு மகள் வீட்டுக்குப் போனார், சாவியைப் பையனிடம் கொடுக்காமல் பால்காரரிடம் கொடுத்துவிட்டு. பையன் தினம் இரண்டு வேளை அவரிடம் சாவி வாங்கித் திருப்பிக் கொடுத்தான்.

இப்போது அவனுக்கு நாலு வீடு. டீச்சர் அம்மா வீட்டுச் சாவி சித்திரையிலிருந்து அவனிடமே இருக்கிறது.