கழுவிக் கழுவிக் கொன்ற மீன்கள்

கும்பகோணத்தில் இருந்தவரை மீனுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் மகாமகக் குளத்தில் பொரி போட்டதோடு சரி. வங்கியில் மாற்றல் வாங்கித் திருவனந்தபுரம் வந்த பிறகுதான் மகள் பிறந்தநாளுக்கு மீன்தொட்டி கேட்டாள். இரண்டடித் தொட்டி, நான்கு தங்கமீன், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். அன்று ராத்திரி பூராவும் மகள் தொட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. நம் வீட்டு வழக்கம் தெரியுமே, அழுக்கு என்றால் கழுவு! தண்ணீரை முழுக்கக் கொட்டி, கூழாங்கல்லைத் தேய்த்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து வெள்ளை வெளேர் என்று பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பினேன். மறுநாள் ஒன்று போயிற்று. மறுபடி கழுவினேன். பன்னிரண்டாம் நாள் தொட்டி காலி. "நீங்கதாம்ப்பா கழுவிக் கழுவிக் கொன்னுட்டீங்க" என்றாள் மகள். கோபத்தில் சொன்னாள் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற விலங்கியல் மாஷ் ஒருவர் இருக்கிறார். (இங்கே வாத்தியார் எல்லோரும் மாஷ்தான்.) அவரும் அதையேதான் கேட்டார். "எந்தினா சாரே எல்லாம் கழுகியது?" அழுக்கில்தான் வேலைக்காரர்கள் இருந்தார்கள், மொத்தப் பேரையும் ஒரே நாளில் டிஸ்மிஸ் பண்ணிவிட்டீர்களே என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பி.காம் படித்தவனுக்கு அம்மோனியா என்றால் ஐஸ் ஃபாக்டரி ஞாபகம்தான் வரும். தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அது ஒரு அப்பா மகன் கதையாகப் போயிற்று.

அப்பா ராபர்ட் வாரிங்டன், லண்டனில் அப்பாதிகரீஸ் ஹாலில் வேலை பார்த்த வேதியியலாளர். 1849ல் 12 காலன், அதாவது சுமார் 54 லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சின்னத் தங்கமீன்களை விட்டார். அடியில் மணலும் சேறும், அதில் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி. இலை அழுகித் தண்ணீர் கலங்கியதும், அழுகலைத் தின்ன நத்தைகளையும் சேர்த்தார். தண்ணீர் தெளிந்தது, மீன்கள் பிழைத்தன. 1850ல் கெமிக்கல் சொசைட்டியில் இதைக் கட்டுரையாகவே வாசித்தார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி தரும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்கிறது, கணக்கு சமன் என்பது அவர் வாதம். மூன்று வருடத்தில், 1853ல், லண்டன் மிருகக்காட்சி சாலையில் மக்கள் பார்க்க மீன் காட்சியகமே திறந்தார்கள்.

கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும், ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் புத்தகம் சரி என்று அர்த்தம் இல்லை. ஒரு பதிவே விட்டுப்போயிருந்தாலும் அது டேலி ஆகும். வாரிங்டன் கணக்கில் விட்டுப்போன பதிவு அம்மோனியா. மீன் செவுள் வழியாக நாள் முழுக்க அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான் வரும். அதில் ஒரு பங்கைச் செடி எடுத்திருக்கும். மீதியைச் சத்தமில்லாமல் கவனித்துக்கொண்டது அடியில் கிடந்த மணலும் சேறும். நான் கழுவிக் கொட்டியது அதைத்தான்! இத்தனைக்கும் என் தொட்டியும் அவர் பாத்திரமும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு. அவர் விட்டது இரண்டு, நான் விட்டது நான்கு.

விட்டுப்போன பதிவைக் கண்டுபிடித்தவர்கள் மீன் வளர்த்தவர்கள் இல்லை, சாக்கடையோடு மல்லுக்கட்டியவர்கள். 1877ல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீளக் குழாயில் கழிவுநீரை மெல்ல இறக்கினார்கள். இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை, உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதற்குப் பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் ஆவியை விட்டார்கள், வேலை நின்றது. குளோரோஃபார்மை எடுத்த பிறகும் அது தானாகத் திரும்பவில்லை. மண் கரைத்த தண்ணீரை ஊற்றியதும் திரும்பியது. ஆக இது வெறும் ரசாயனம் இல்லை, உயிருள்ள ஏதோ செய்கிற வேலை என்று தெரிந்தது.

அந்த இருபது நாளில்தான் என் கண் நின்றது. என் மீன்கள் தாங்கியது பன்னிரண்டு நாள்.

இங்கேதான் மகன் வருகிறார். அவர் பேரும் ராபர்ட் வாரிங்டன்தான். அப்பா அந்தக் கட்டுரையை வாசித்தபோது பையனுக்குப் பன்னிரண்டு வயதுகூட இருக்காது. பிறகு அப்பாவின் ஆய்வுக்கூடத்திலேயே வேலை பழகியவர். ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் இதே விஷயத்தை வருடக்கணக்காகத் துருவினார். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவது ஒரு கிருமி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது வேறொரு கிருமி என்று பிரித்துக் காட்டினார். ஆனால் கிருமிகளைத் தனியே பிரித்து வளர்க்க முடியவில்லை. ஜெலட்டின் மேல் வளர்த்துப் பார்த்துத் தோற்றார். கரிமச் சத்தே இல்லாத ஊடகத்தில் வளர்க்க வேண்டும் என்ற சூட்சுமத்தை 1890ல் பிடித்தவர் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி. அப்பா பாத்திரத்தின் அடியில் இருந்ததை மகன் வயல் மண்ணில் தேடியிருக்கிறார்! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்திருந்தது. பாவம், பெயர் தட்டிப்போனது வேறு.

அடுத்தது 1914, மான்செஸ்டர். ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் கழிவுநீருக்குள் காற்றை ஊதினார்கள். அம்மோனியா முழுக்க மாற ஐந்து வாரம் ஆயிற்று. தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் நாள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரே நாளுக்குள் வேலை முடிந்தது. இன்றைய நகரங்களின் கழிவுநீர் நிலையங்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் 1916ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்துவிட்டார்.

கிருமிகளின் பெயர் விஷயத்தில் மட்டும் இன்னும் பஞ்சாயத்து தீர்ந்தபாடில்லை. தொட்டிகளில் நைட்ரைட்டைக் கவனிப்பது நைட்ரோபாக்டர் என்று நூறு வருடம் எழுதினார்கள். 1998ல்தான் நைட்ரோஸ்பைரா என்று திருத்தினார்கள். 2015ல், இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் நைட்ரோஸ்பைரா இருப்பது தெரிந்தது. அதைக் கண்ட இடங்களில் ஒன்று மீன் பண்ணை ஃபில்டர்!

என் வீட்டுத் தப்பில் இன்னொரு கிளைக்கதையும் உண்டு. வெட்டுக்கல் பூமியான இந்தப் பக்கத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் லேசான அமிலத்தன்மை உள்ளது. அந்த நீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி அவ்வளவாக விஷமில்லாத அம்மோனியம் வடிவில் இருக்கும். 25 டிகிரியில், பி.ஹெச் 7 என்றால் விஷ வடிவம் நூற்றுக்கு அரைதான், 8 ஆனால் ஐந்துக்கு மேல். முதலில் நான் நிரப்பியது கிணற்று நீர், அதனால்தான் ஐந்து நாளாவது ஓடியது. கழுவிய பிறகு ஊற்றியது அருவிக்கரையிலிருந்து வரும் குழாய் நீர். அதில் குளோரின் உண்டு. அது கிருமிக்கும் ஆகாது, மீன் செவுளுக்கும் ஆகாது.

இரண்டாவது முறை மாஷ் தன் தொட்டியிலிருந்து கறுத்துப்போன ஸ்பாஞ்ச் ஒன்றைக் கொடுத்தார். "கழுகல்லே" என்று மூன்று தடவை சொன்னார். சின்னச் சின்ன சீப்ரா மீன் மூன்று மட்டும் விட்டோம். மீனே இல்லாமல் பாட்டில் அம்மோனியா ஊற்றித் தொட்டியைப் பழக்குவதுதான் நியாயம். மீனை வைத்துக்கொண்டு பழக்கினால் நம் அவசரத்துக்கு வட்டி கட்டுவது மீன்தான். ஆனால் மகளிடம் வெறும் தொட்டியை ஒரு மாதம் பார்க்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகைத் தீனி. வாளியில் பிடித்து, குளோரின் நீக்கும் மருந்து சொட்டி, மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றல். தினமும் சோதனைக் கிட்.

நான்காம் நாள் அம்மோனியாக் குழாய் பச்சையானது. அன்று மட்டும் இரண்டு முறை நீர் மாற்றினேன். எட்டாம் நாள் நைட்ரைட் தலைகாட்டியது. இருபத்திரண்டாம் நாள் இரண்டும் பூஜ்யம். மகள் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதிவாரியாக எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறாள். முதல் பன்னிரண்டு நாளுக்கு அவள் வரைந்த நான்கு மீன்களும் அதே பக்கத்தில் இருக்கின்றன, அழிக்கவில்லை.

ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிகிறேன். அதற்கும் அவள் பக்கத்தில் நின்றுகொண்டுதான் விடுகிறாள் :-)