முதலாண்டில் எதைக் கற்பிப்பது? பொருள் வடிவமைப்புக் கல்வியின் தடம்

பொருள் வடிவமைப்பு படிக்க வரும் மாணவர் பன்னிரண்டு ஆண்டுகள் பாடப்புத்தகத்தோடு பழகியவர். ஒரு சமன்பாட்டுக்கு விடை காணத் தெரியும். ஆனால் செம்பின் வாய் ஏன் வெளிப்புறமாக விரிந்திருக்கிறது, நாற்காலி எந்த இணைப்பில் முதலில் ஆட்டம் காண்கிறது என்று அவரிடம் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்தத் துறைக்கே புதியவரான அவருக்கு முதலாண்டில் எதைக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு வைமார், உல்ம், அகமதாபாத் ஆகிய மூன்று நகரங்கள் தந்த விடைகளைத் தொடர்ந்தால் இத்துறைக் கல்வியின் வரலாறு தெளிவாகிறது.

சென்னையில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1850இல் மருத்துவர் அலெக்ஸாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. பொறியியல் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் 1898இல் அந்தப் பள்ளியின் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். அதுவரை பித்தளையும் செம்பும் அடித்த கைகள் புது உலோகத்தைப் பழகின. 1903இல் அந்த முயற்சி ஒரு தனி நிறுவனத்தின் கைக்குப் போனது. ஒரு தொழிலே அங்கே உருவாகியும், அதை வடிவமைக்கும் அறிவை மாணவருக்குப் படிப்படியாகச் சொல்லித்தரும் பாடமுறை மட்டும் உருவாகவில்லை. அது நம் பெரிய இழப்பு.

அப்படிப்பட்ட பாடமுறை 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கியது. கட்டடக் கலைஞர் வால்டர் குரோபியஸ் நிறுவிய பௌஹவுஸ் பள்ளியில் எல்லா மாணவரும் பட்டறைக்குள் நுழையும் முன் ஒரு முன்பயிற்சி பெற வேண்டும் என்ற ஏற்பாடு சில காலத்திலேயே கட்டாயமானது. அதை வகுத்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹன்னஸ் இட்டன். தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பயின்ற அவர் மரம், கம்பளி, இறகு, உலோகம் எல்லாவற்றையும் மாணவர்களைத் தொட்டுணரச் செய்து, சொரசொரப்புக்கும் வழவழப்புக்கும் உள்ள வேறுபாட்டை விரலால் அறியச் செய்தார். வகுப்பு மூச்சுப்பயிற்சியோடு தொடங்கும்.

1923இல் இட்டன் விலக, லாஸ்லோ மொஹோலி-நாடியும் யோசெஃப் ஆல்பர்ஸும் பொறுப்பேற்றார்கள். ஆல்பர்ஸின் ஒரு வகுப்பை அவருடைய மாணவர் ஹன்னஸ் பெக்மன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆல்பர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாளைக் கொடுத்து, காகிதத்தின் இயல்பை மதித்து, வீணாக்காமல் ஏதாவது செய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கோட்டை, படகு, விமானம் என்று பலவும் இருந்தன. அவர் பாராட்டியது, நீளவாக்கில் மடித்து நிற்க வைத்த ஒரு வெறும் தாளை! படுத்தே கிடக்கும் காகிதத்துக்கு ஒரு மடிப்பு நிற்கும் வலுவைத் தருகிறது என்பதை அந்த மாணவர் கண்டிருந்தார். புதியவருக்கு ஒரு பொருளின் குணத்தைப் புரியவைக்க இதைவிடச் சிக்கனமான பாடம் இருப்பதாகத் தெரியவில்லை.

இதன் பலனுக்கு மரியான் பிராண்ட் சான்று. ஓவியமும் சிற்பமும் படித்திருந்த அவர் இந்த முன்பயிற்சி முடித்து உலோகப் பட்டறையில் சேர்ந்தார். அரைக்கோள உடலும் குறுக்குத் தாங்கியும் கருங்காலிக் கைப்பிடியும் கொண்ட அவருடைய சிறு தேநீர்க் குடுவை 1924இல் உருவானது.

நாஜி ஆட்சியின் நெருக்கடியில் 1933இல் பௌஹவுஸ் மூடப்பட்டது. நாஜிகளால் கொல்லப்பட்ட ஹான்ஸ், சோஃபி ஷோல் ஆகியோரின் சகோதரி இங்கெ ஷோல், ஓட்ல் ஐஷர், பௌஹவுஸின் பழைய மாணவர் மக்ஸ் பில் ஆகிய மூவரும் சேர்ந்து உருவாக்கிய உல்ம் வடிவமைப்புப் பள்ளி 1953இல் வகுப்புகளைத் தொடங்கியது. பில் விட்ட இடத்தில் தொமாஸ் மால்தொனாதோ வேறு திசை பிடித்தார். கலைக்கு மாற்றாகக் கணிதம், குறியியல், மனித உடலளவுகள் குறித்த ஆய்வு, முறையியல் ஆகியவை முதலாண்டுக்குள் வந்தன. 1960களின் தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான முன்பயிற்சியே கைவிடப்பட்டது. ஹான்ஸ் (நிக்) ரோரிஹ்ட் பட்டத்துக்காக வடிவமைத்த, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தக்க உணவகக் கலங்கள் பின்னர் பெருமளவில் உற்பத்தியாயின. பெரிய பயன்தான். ஆனாலும் ஆல்பர்ஸின் காகிதம் தந்த நேரடி அனுபவத்தை உல்ம் ஓரளவு இழந்தது என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. அரசு நிதி நின்றுபோனதால் 1968இல் அந்தப் பள்ளியும் மூடப்பட்டது.

இந்தியாவின் விடை இவ்விரண்டையும் கடந்தது. சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் நாடெங்கும் சுற்றி 1958 ஏப்ரலில் ஓர் அறிக்கை அளித்தார்கள். அதன் மையத்தில் இருப்பது நம் வீட்டுச் செம்பு. அதில் எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் வருமா தலையில் வருமா, நிறைந்திருக்கும்போதும் காலியாகும்போதும் எடை எங்கே நிற்கும், எப்படிக் கழுவுவது, உடைந்தபின் உலோகத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று கேள்விகளை அவர்கள் அடுக்கினார்கள். தனி ஒருவரால் அதை வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறைகளின் கை அதில் பட்டிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. ஒரு முதலாண்டு மாணவருக்கு அந்தக் கேள்விப் பட்டியலே முழுப் பாடம்.

அதன் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. கௌதம், கீரா சாராபாய் இருவரும் அதை வளர்த்தனர். லண்டனில் பயின்ற எச். குமார் வியாஸ் பொருள் வடிவமைப்புப் பாடத்துக்கு அடித்தளமிட்டார். உல்மிலிருந்து ஹான்ஸ் குகெலோட் 1965இல் வந்து கற்பித்தார். உல்மில் படித்த சுதாகர் நாட்கர்னி 1969இல் மும்பை ஐஐடியில் தொழில் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கினார். 1970 முதல் பள்ளிப்படிப்பு முடித்தவர்களையும் அகமதாபாத் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்கான அடிப்படை ஆண்டில் வண்ணமும் வடிவவியலும் பொருட்களைக் கையாளுதலும் பௌஹவுஸ், உல்ம் வழியில் வந்தவை. கிராமங்களுக்கும் கைவினைஞரிடத்துக்கும் நேரில் போய்ப் பார்த்துப் பதிவு செய்யும் பாடம் அங்கே தனியாகச் சேர்ந்தது.

சென்னையில் பிறந்த எம்.பி. ரஞ்சன் இந்த மரபின் முக்கியமான ஆசிரியர். வடகிழக்கு மாநிலங்களின் மூங்கில், பிரம்புக் கைவினையைக் களத்தில் ஆராய்ந்து 1986இல் சகாக்களோடு நூலாக வெளியிட்டவர். ‘வடிவமைப்புக் கருத்துகளும் கரிசனங்களும்’ என்ற தம் பாடத்தில் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, தண்ணீர், உணவு போன்ற ஒரு பெரும்பொருளோடு தொடர்புடைய மனிதர், பொருள், பணம், பழக்கம் அனைத்தையும் பெரிய தாள்களில் வரையச் செய்தார். எந்தப் பொருளை உருவாக்குவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டின் கல்லூரிகள் பொருள் வடிவமைப்பைப் பட்டப்படிப்பாகத் தொடங்கும்போது, முதல் பருவத்திலேயே கணினி வரைகலை மென்பொருளை முன்வைப்பது எளிதான வழி. கருவியைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். முதல் பருவத்தின் பாதி நேரமாவது பட்டறைக்கும், கும்பகோணத்துப் பாத்திரக் கடைத்தெரு போன்ற களங்களுக்கும் போக வேண்டும். பாடத்திட்டக் குழுக்கள் இதைத் தம் முதல் தீர்மானமாக எடுத்துக்கொள்ளட்டும்.