எட்டுச் சில்லும் நாலு சில்லும்

ஜொகூர் பாருவில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிய கதையை எழுத உட்கார்ந்தால், அதில் பாதி பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கதையாகத்தான் இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கத்துக் கடைகள் விலைப் பட்டியலைத் தாளில் அச்சடித்து வாசலில் வைத்திருக்கும். செம்பாவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் மாமா, சம்பள நாளில் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் கொண்டு வருவார். மாசாயில் எங்கள் வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். ஜொகூர் பாரு ஹாலிடே பிளாசாவில் அதே கார்டு என்ன விலை என்று விசாரித்த பிறகே அப்பாவிடம் வாயைத் திறப்போம்.

1973 வரை நம் மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் சரிக்குச் சரி மாறின. 1998 செப்டம்பரில் அமெரிக்க டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டைக் கட்டிப்போட்ட காலத்தில், ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நாம் இரண்டே கால் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த வருடம் எல்லோரும் ஏங்கியது வூடூ 2 கார்டுக்கு. அது தனியாக வேலை செய்யாது. சாதாரணப் படத்தைக் காட்ட இன்னொரு கார்டும் வேண்டும். தொழிற்சாலைச் சம்பளத்தில் இரண்டு கார்டுக்கு எங்கே போவது?

வழி திறந்தது 2000இல், ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் வந்தபோது. அமெரிக்காவில் 120 டாலர் அளவில் விலை வைத்தார்கள். நம் கணக்கில் 450 வெள்ளி சொச்சம். கணினி வாங்க ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கலாம் என்ற திட்டமும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. எங்கள் தாமானில் பல வீடுகளுக்கு முதல் கணினி அப்படி வந்து சேர்ந்ததுதான்.

அதன் பிறகு பெயர்கள் ஏமாற்றத் தொடங்கின. 2002இல் வந்த ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் 440, பெயரில் நான்கு என்றாலும் பரம்பரையில் இரண்டுதான். முந்தைய வருடத்து ஜிஃபோர்ஸ் 3இல் இருந்த பிக்சல் ஷேடர் என்ற காட்சி வசதி அதில் கிடையாது. மறு வருடம் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' வந்தபோது, அந்தக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு விளையாட்டு ஓடவே இல்லை. பெட்டியில் எழுதியிருந்ததை நம்பிக் காசு கொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான்.

2003இன் எஃப்எக்ஸ் 5200 இன்னும் நுணுக்கமானது. ஒரே பெயரில் நினைவகப் பாதை 128 பிட் உள்ள கார்டும் உண்டு, 64 பிட் கார்டும் உண்டு. விலை வித்தியாசம் கொஞ்சம். வேகத்தில் வித்தியாசம் அதிகம். கடைக்காரரைக் கேட்டால் "சாமா சஜா, அடிக்" (எல்லாம் ஒன்றுதான், தம்பி) என்பார். மாமா பேச்சு கொடுக்க மாட்டார். பெட்டியைத் திறக்கச் சொல்லி, கார்டைக் கண்ணாடி மேசையில் வைத்து, விசிறியைச் சுற்றியிருக்கும் நீளக் கறுப்பு நினைவகச் சில்லுகளை விரலால் எண்ணுவார். திருப்பிப் போட்டு முதுகையும் எண்ணுவார். இரு பக்கக் கால் வைத்த அந்த வகைச் சில்லு ஒவ்வொன்றும் 16 பிட். எட்டு இருந்தால் 128. நாலுதான் இருக்கிறது, பக்கத்தில் வெள்ளீயம் மின்னும் வெற்று இடங்கள் தெரிகின்றன என்றால் 64. பெட்டியைத் திறக்க மறுத்த கடையும் உண்டு. அங்கே நாங்கள் மறுபடி கால் வைக்கவில்லை.

இந்தப் பழக்கம் பழசாகவில்லை. 2018இல் ஜிடி 1030 கார்டை டிடிஆர் 4 நினைவகத்தோடும் விட்டார்கள். முதலில் வந்தது நொடிக்கு 48 ஜிகாபைட் கடத்தும், இது 16.8 மட்டும். பெயர் மாறவில்லை. இணையத்தில் வாங்குகிறவருக்கு எண்ணிப் பார்க்கச் சில்லும் கையில் இருக்காது.

2021இல் மின்நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை வாரிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பர் 15இல் எதீரியம் என்ற மின்நாணயம் தோண்டும் முறையைக் கைவிட்டதும் அவை பழைய சாமான் சந்தைக்கு வந்து குவிந்தன. சிம் லிம் தாளுக்கும் இப்போது பயனில்லை. 2024 தொடக்கத்தில் சிங்கப்பூர் வெள்ளி மூன்றரையைத் தொட்டுவிட்டது. ஜிஃபோர்ஸ் செய்யும் அதே என்விடியாவின் சில்லுகள் ஜொகூரின் கூலாயில் ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையத்துக்கு வருகின்றன; 2023 டிசம்பரில் அறிவித்த கூட்டு முதலீடு 430 கோடி டாலர். கூலாய்ப் பிள்ளைகள் வீட்டுக்குத் தேடுவது என்னவோ இன்னும் ஐந்நூறு வெள்ளிக்குள் ஒரு கார்டைத்தான்.

அவர்களில் பலருக்குக் கிடைப்பது பழைய ஆர்எக்ஸ் 580. அதிலும் இரண்டு உண்டு: முழுக் கார்டில் 2304 கணிப்பு அலகுகள், சீனச் சந்தைக்காக வந்ததில் 2048. ஜிபியு-இசட் என்ற இலவச நிரலை ஓடவிட்டால் எண்ணிக்கை திரையிலேயே தெரியும். விற்பவர் வீட்டில் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் காசை எடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.