நாணமும் விளம்பரமும்
மகப்பேற்று நலன் பற்றிய விளம்பரங்களைக் கட்டுப்படுத்திய சட்டங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகம் இலங்கை வரலாற்றிற் பெற்றுள்ள இடம் யாவரும் அறிந்ததே. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர் என ஒருவர் பின் ஒருவராக விரும்பிய இத்துறைமுகத்தை 1795 இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு ஆளான இத்தளம், 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. பீரங்கிகளையும் போர்க்கப்பல்களையும் விரிவாகக் கூறும் வரலாற்று நூல்கள், துறைமுகப் பட்டினங்களில் வாழ்ந்த பெண்களின் உடல்நலம் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர்களது நோயும் அச்சமும் எவ்வாறு ஒரு வணிகத்துக்கு மூலதனமாயின என்பது இன்னும் அரிதாகவே பேசப்படுகின்றது.

கருத்தடை, கருச்சிதைவு, மாதவிடாய்க் கோளாறு, மலடு, பாலியல் நோய் ஆகியன பற்றிய பொய் விளம்பரங்களைத் தடுக்க அரசுகள் கடந்த ஒன்றேகால் நூற்றாண்டுக் காலமாக முயன்று வந்துள்ளன. அம்முயற்சிகளின் வரலாற்றை ஆராய்வதும், அவற்றுள் எவை பயன் தந்தன, எவை பயனற்றுப் போயின என நோக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெண்ணைச் சோதித்த சட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானியக் கடற்படையும் தரைப்படையும் மேகநோயாற் பெரிதும் பாதிக்கப்பட்டன. இதற்குப் பரிகாரமாக 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளிற் பிரித்தானியப் பாராளுமன்றம் தொற்றுநோய்ச் சட்டங்களை இயற்றிற்று. துறைமுகப் பட்டினங்களிலும் படைமுகாம் நகரங்களிலும் ஐயத்துக்குரிய பெண்களைப் பிடித்து மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தவும், நோயுற்றவர்களை அடைத்து வைக்கவும் அவை அதிகாரமளித்தன. படைவீரனுக்கு இத்தகைய சோதனை விதிக்கப்படவில்லை. குடியேற்ற நாடுகளிலும் இதையொத்த கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. இலங்கையும் அதற்கு விலக்கன்று. பெருங் கண்டனத்தின் பின்னர் 1886 இற் பிரித்தானியச் சட்டங்கள் நீக்கப்பட்டன.

இங்கு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. பெண்ணின் உடலைச் சோதிக்க முன்வந்த அதே அரசு, அப்பெண்ணுக்கும் அவளை நாடிய ஆணுக்கும் போலி மருந்து விற்ற வணிகனைத் தொடவில்லை. செய்தித்தாள்களில் "பெண்களுக்கான மாத்திரைகள்" பற்றிய விளம்பரங்கள் நாள்தோறும் வெளிவந்தன. "தடைப்பட்டதைச் சீராக்கும்" என்னும் மறைபொருட் சொற்களால் அவை கருச்சிதைவையே சுட்டின. வாங்குவோர் பொருளை உணர்ந்தனர். விற்போனோ சட்டத்தின் பிடியில் அகப்படாதிருந்தான்.

உண்மை தண்டிக்கப்பட்டது, பொய் விலைபோயிற்று

இதே காலத்தில் உண்மையை எடுத்துரைத்தோர் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை ஒப்புநோக்குதல் வேண்டும். பின்னாளிற் சென்னை அடையாற்றில் வாழ்ந்து 1933 இல் அங்கேயே மறைந்த அன்னி பெசன்ட் அம்மையாரைத் தமிழுலகம் நன்கறியும். அவரும் சார்ள்ஸ் பிராட்லோவும் கருத்தடை முறைகளை விளக்கும் சிறு நூலொன்றை ஆறு பென்ஸ் விலையில் வெளியிட்டமைக்காக 1877 இல் இலண்டனில் வழக்கை எதிர்நோக்கினர். சட்ட நுணுக்கம் ஒன்றினால் தண்டனை பின்னர் நீங்கியபோதிலும், அடுத்த ஆண்டிலே தம் மகளைத் தம்முடன் வைத்திருக்கும் உரிமையை அம்மையார் இழந்தார். 1887 இல் லீட்ஸ் நகர மருத்துவர் ஹென்றி ஓல்பட்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. மனைவியர்க்கான கைந்நூலொன்றில் கருத்தடை பற்றி எழுதியதும், அதனை ஏழையரும் வாங்கத்தக்க குறைந்த விலையில் விற்றதுமே அவர்மீது சாட்டப்பட்ட குற்றமாகும்.

1889 இல் இயற்றப்பட்ட ஆபாச விளம்பரச் சட்டம் இம்முரண்பாட்டைத் தீர்க்கவில்லை. பாலியல் நோய்களையும் "நரம்புத் தளர்ச்சி"யையும் பற்றிய அறிவித்தல்களைச் சுவரில் ஒட்டுவதையும் தெருவிற் கையளிப்பதையும் அச்சட்டம் தடுத்தது. ஆயின் அது வினவியது அறிவித்தல் மெய்யா பொய்யா என்பதையன்று, நாணத்துக்குரியதா என்பதையே. தெருச்சுவர் தூய்மையாயிற்று, செய்தித்தாளின் பக்கங்கள் முன்போலவே இருந்தன.

விளைவு 1898 இல் வெளிப்பட்டது. கிரைம்ஸ் என்னும் குடும்பப் பெயருடைய மூன்று சகோதரர்கள் உயர்குலச் சீமாட்டி ஒருத்தியின் பெயராற் பெண்களுக்கான மாத்திரைகளை விளம்பரப்படுத்தி விற்றனர். அஞ்சலில் வந்த கட்டளைகளிலிருந்து பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் பெயர், முகவரிகளைத் திரட்டினர். பின்னர், கருவைச் சிதைக்க முயன்ற குற்றத்துக்கு ஆதாரம் தம்மிடம் உண்டெனவும் இரண்டு கினி அனுப்பாவிடின் வழக்குத் தொடரப்படும் எனவும் அப்பெண்களை அச்சுறுத்திக் கடிதங்கள் அனுப்பினர். பலர் நடுங்கிப் பணம் அனுப்பினர். சகோதரர் மூவரும் அவ்வாண்டு முடிவிற் சிறைத்தண்டனை பெற்றனர். ஆனால் அவர்களைத் தண்டித்தது பொய் விளம்பரம் பற்றிய சட்டமன்று, மிரட்டிப் பணம் பறித்தலைத் தடுக்கும் சட்டமே என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வழக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது. ஏனைய பொருள்களில் ஏமாற்றப்பட்டவர் கடைக்காரரிடம் சென்று முறையிடலாம்; அயலாரிடம் சொல்லி எச்சரிக்கலாம். இத்துறையில் ஏமாற்றப்பட்ட பெண் வாய்திறந்தால் தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்வாள். எனவே வணிகனுக்கு மருந்தின் குணம் தேவைப்படவில்லை. வாங்குபவளின் மௌனமே போதுமானதாயிற்று.

தடையும் சிகிச்சையும் இணைந்த வேளை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறலாயிற்று. பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1909 இலும் 1912 இலும் இரகசிய மருந்துகளைப் பகுத்தாய்ந்து இரு நூல்களை வெளியிட்டது. உலகப் புகழ்பெற்ற பீச்சம் மாத்திரையில் இருந்தவை கற்றாழைச் சாரமும் இஞ்சியும் சவர்க்காரமுமே என்பதும், ஒரு பெட்டியிலுள்ள பொருள்களின் அடக்கவிலை அரைப் பார்திங் அளவே என்பதும் அப்போது வெளியாயின. பாராளுமன்றத் தெரிவுக்குழுவொன்று இவ்வணிகத்தை விரிவாக ஆராய்ந்தது. அதன் அறிக்கையோ பிரித்தானியா போர்ப்பிரகடனம் செய்த 1914 ஓகஸ்ட் 4 ஆம் திகதியன்றே வெளிவந்தமையால் கவனிப்பாரற்றுப் போயிற்று.

ஆயினும் அப்போரே ஒரு நன்மைக்கும் வழிவகுத்தது. படையினரிடையே நோய் பெருகுமென்ற அச்சம் மேலோங்கிய வேளையில், அரச ஆணைக்குழுவொன்றின் 1916 ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, இரகசியம் பேணும் இலவசச் சிகிச்சை நிலையங்களை உள்ளூராட்சி மன்றங்கள் நிறுவலாயின. 1917 ஆம் ஆண்டுப் பாலியல் நோய்ச் சட்டம், தகுதியற்றோர் இந்நோய்களுக்கு ஊதியம் பெற்றுச் சிகிச்சை அளிப்பதையும் அதற்கு விளம்பரஞ் செய்வதையும் தடைசெய்தது. இலவசச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யப்பட்ட பகுதிகளிலேயே தகுதியற்றோரின் சிகிச்சை மீதான தடை நடைமுறைக்கு வந்தது. போலி வைத்தியனின் கதவை மூடுமுன் மெய்யான வைத்தியனின் கதவைத் திறந்துவைத்த சட்டம் அது. இத்துறையில் எழுந்த சட்டங்களுள் இதனையே முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

இந்தியாவின் பட்டறிவு

தமிழ்ப் பத்திரிகைகளின் பழைய பக்கங்களைப் புரட்டுவோர், தாதுபுஷ்டி லேகியங்களும் ஆண்மை மாத்திரைகளும் சூதகத் தைலங்களும் அங்கு பிடித்திருந்த இடத்தைக் காண்பர். 1930-31 இல் ராம் நாத் சோப்ரா தலைமையில் இயங்கிய மருந்து விசாரணைக் குழு இத்தகைய விளம்பரப் பெருக்கைக் கண்டித்தது. எனினும் சட்டம் பிறக்க மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் சென்றது. 1954 ஆம் ஆண்டு மருந்துகள், மந்திர மருந்துகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம் 1955 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கருச்சிதைவு, பெண்களுக்கான கருத்தடை, பாலின்ப ஆற்றலைப் பெருக்குதல், மாதவிடாய்க் கோளாறு ஆகியவற்றுக்குரிய மருந்தென்று விளம்பரஞ் செய்வதை அதன் மூன்றாம் பிரிவு தடுத்தது. தாயத்து, மந்திரம் போன்றவற்றால் நோய் தீரும் எனக் கூறும் விளம்பரங்களும் தடைசெய்யப்பட்டன.

இச்சட்டத்தை எதிர்த்து, யூனானி மருந்துகளைத் தயாரிக்கும் டில்லி ஹம்தர்த் தவாகானாவும் வேறு சிலரும் உச்ச நீதிமன்றம் சென்றனர். பேச்சுரிமை பறிக்கப்படுகின்றது என்பதும் சுதேச வைத்தியமே இலக்காக்கப்படுகின்றது என்பதும் அவர்களது வாதங்களுட் சில. 1959 டிசம்பர் 18 ஆம் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பில், வணிக இலாபம் ஒன்றையே கருதிய இத்தகைய விளம்பரம் அரசியலமைப்புக் காக்கும் பேச்சுரிமைக்குள் அடங்காதென நீதிமன்றம் கூறிற்று. அதேவேளை, தடைக்குரிய நோய்களை எல்லையின்றிக் கூட்டிச் செல்ல அரசுக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தையும், பொருள்களைக் கைப்பற்றும் அதிகாரத்தையும் செல்லாதன என்றது. 1963 இற் சட்டம் திருத்தப்பட்டது. வணிக விளம்பரமும் பேச்சுரிமையின் பகுதியே என 1995 இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் விளக்கியபோதும், ஏமாற்றும் விளம்பரத்துக்கு அப்பாதுகாப்பு இல்லை என்பதில் மாற்றமில்லை.

எனினும் 1954 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1889 ஆம் ஆண்டின் சாயலைக் காணலாம். மூன்றாம் பிரிவு பொய்யை மாத்திரம் தடுக்கவில்லை, பொருளையே தடுத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை அரச திட்டமாக 1952 இல் மேற்கொண்ட நாடு, ஈராண்டின் பின் பெண்களுக்கான கருத்தடை மருந்து பற்றிய விளம்பரத்தைத் தடைசெய்தது. அரசு வெளியிடும் விளம்பரங்களுக்கு விலக்களிக்கப்பட்டமையால் முரண்பாடு ஓரளவு தணிந்தது. ஆனால் பொய்யுரையும் மெய்யுரையும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. 2006 அளவிலே தமிழ்நாட்டில் அவசரக் கருத்தடை மாத்திரையின் விளம்பரங்களுக்கு எதிராக எழுந்த கண்டனமும் அதிகாரிகளின் தலையீடும் இதற்கோர் அண்மைக்காலச் சான்றாகும். எதிர்ப்பு விளம்பரத்தின் மீது எழுந்தது. மருந்துக்கடைகளில் அரிதாகிப் போனதோ மாத்திரையே. 1930களில் சுயமரியாதை இயக்கம் கர்ப்பத்தடையைப் பெண்விடுதலையின் ஒரு கூறாக எழுதியும் பேசியும் வந்த மண்ணில் இது நிகழ்ந்தமை சிந்தனைக்குரியது.

இலங்கையின் நிலை

இலங்கையிற் பெண்ணின் மௌனத்துக்குச் சட்டமே பெருங்காரணமாக உள்ளது. 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நோக்குடனன்றிக் கருவைச் சிதைப்பதைக் குற்றமாக்குகின்றது. இதனைத் தளர்த்த 1995 இலும் 2017 இலும் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் நிறைவேறவில்லை. அச்சட்டம் சரியா தவறா என்பது வேறு ஆய்வுக்குரியது. ஆயின் கிரைம்ஸ் சகோதரர்கள் பயன்படுத்திய அதே அச்சம் இங்கும் நிலைத்திருக்கின்றது என்பதை மறுத்தல் இயலாது.

மறுபுறத்திலே திறந்துவைக்கப்பட்ட கதவுகளும் இந்நாட்டில் உண்டு. 1926 இற் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை, மருத்துவமாதைக் கிராமத்து வீட்டுவாசலுக்கே கொண்டுவந்தது. 1953 இற் குடும்பத் திட்டச் சங்கம் நிறுவப்பட்டது. 1973 இல் அச்சங்கம் "பிரீதி" என்னும் பெயரில் ஆணுறைகளை நாடெங்கும் சாதாரண கடைகளில் விற்பனைக்கு விட்டு, வெளிப்படையாக விளம்பரமும் செய்தது. மகிழ்ச்சியைக் குறிக்கும் அச்சொல் சிங்களத்துக்கும் தமிழுக்கும் பொதுவானது. முகஞ்சுளித்தோர் இருந்திருப்பர், எனினும் நாணத்துக்குரியதாகக் கருதப்பட்ட பொருளொன்றைப் பொய்கூறாமல் விளம்பரஞ் செய்யலாம் என்பதை அம்முயற்சி காட்டிற்று.

சட்டத்துறையில், 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க அழகுசாதன, சாதன, மருந்துப் பொருள்கள் சட்டம் மருந்து விளம்பரங்களை நெறிப்படுத்தியது. மருந்துகளைப் பொறுத்தவரை அதன் இடத்தை 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் பெற்று, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைத்தது. பொருளாயினும் சேவையாயினும் பொய்யான எடுத்துரைப்பால் நுகர்வோரை ஏமாற்றுவதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கின்றது. சட்டங்கள் உள்ளன; முறைப்பாடு செய்ய முன்வருவோரே அரியர். முறையிடுபவளின் பெயர் காக்கப்படும் என்ற உறுதி இல்லாதவிடத்து இந்நிலை நீடிக்கவே செய்யும்.

திருகோணமலை மாவட்டத்தின் தரைத்தோற்றம் இதனை நன்கு விளக்கும். 2009 இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, கிண்ணியாவிலிருந்து நகரத்து வைத்தியசாலைக்கு வருவோர் நீரைக் கடந்தே வரவேண்டியிருந்தது. கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள மூதூர் மக்களின் நிலையும் அத்தகையதே. வைத்தியசாலை தொலைவில் இருக்கும்போது துண்டுப்பிரசுரம் அருகில் வந்துவிடுகின்றது. இன்று அது கைத்தொலைபேசியின் திரையிலேயே வந்து நிற்கின்றது. கோணேசபுரியிலுள்ள வளாகத்திற் சித்த மருத்துவம் முறையாகப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படும் இம்மாவட்டத்தில், போலி விளம்பரத்தால் முதலிற் களங்கமுறுவது சுதேச வைத்தியத்தின் நற்பெயரே என்பதையும் மறத்தலாகாது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு போக்குகள் புலனாகின்றன. ஒன்று, நாணத்தை அளவுகோலாகக் கொண்டு பேச்சையே தடுப்பது. 1889 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையது. மற்றையது, பொய்யைத் தடுத்து, அதனுடன் மெய்யான சிகிச்சையையும் கைக்கெட்டச் செய்வது. 1917 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையது. முன்னையது பெண்ணை மௌனியாக்கிற்று. அம்மௌனத்தில் வணிகன் செழித்தான். பின்னையது அவனது சந்தையையே ஒடுக்கிற்று.

ஆகவே விளம்பரச் சட்டத்தை இறுக்குவோம் என்பதுடன் அமைதல் போதாது. விளம்பரஞ் செய்பவர் தகுதிபெற்றவரா, அவர் கூறுவது நிறுவத்தக்கதா என்பவற்றைச் சட்டம் வினவ வேண்டும். அதே வேளை, உண்மையை அறிய விரும்பும் பெண் தன் மொழியில், தன் ஊரில், தன் பெயர் வெளிவராமல் அதனை அறியவும், ஏமாற்றப்பட்டால் அஞ்சாது முறையிடவும் வழி இருத்தல் வேண்டும். மூன்று இனத்தவரும் இரு மொழிகளும் கலந்து வாழும் திருகோணமலை போன்றதொரு மாவட்டத்தில் இப்பணி மருத்துவமாதுக்கும் ஆசிரியருக்கும் பத்திரிகையாளருக்கும் ஒருங்கே உரியது. அவர்கள் வாளாவிருக்கும் இடங்களிலெல்லாம் விளம்பரகாரன் பேசுவான் என்பதே இவ்வரலாறு தரும் எச்சரிக்கையாகும்.