பட்டியல் சொல்லும் ‘இல்லை’

எந்த நூல் எந்த அடுக்கில் உள்ளது என்று கூற நூலகத்தில் ஒரு பட்டியல் இருக்கும். தரவுத்தளத்திலும் அவ்வாறே. எந்த அட்டவணைகள் உள்ளன, அவற்றின் பத்திகள் யாவை, உரிமையாளர் யார் என்பனவற்றை அதன் அமைப்புப் பட்டியல் கூறும். அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் உறவுமுறைத் தரவு மாதிரியை வெளியிட்டார். அதனைச் செயலில் காட்ட அந்நிறுவனம் உருவாக்கிய சிஸ்டம் ஆர், தன் பட்டியலையும் அட்டவணைகளாகவே வைத்தது. 1976இல் பட்ரிசியா கிரிஃபித்சும் பிராட்ஃபோர்டு வேடும் அதில் அனுமதி வழங்கும் முறையை விளக்கினர். 1985இல் காட் வகுத்த விதிகளுள் நான்காவது, அனுமதி பெற்றவர் பிற தரவைக் கேட்கும் அதே மொழியிலேயே பட்டியலையும் கேட்க இயல வேண்டும் என்றது. ‘அனுமதி பெற்றவர்’ என்னும் சொல்லைக் கவனியுங்கள்.

1992ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரம், இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்னும் பொதுப் பட்டியலை வகுத்தது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2003இல், 7.4 பதிப்பில் அதனைச் சேர்த்தது. கேட்பவருக்கு ஏதேனும் உரிமை உள்ள அட்டவணைகளை மட்டுமே இது காட்டும். மைக்ரேஷன் எனப்படும் கட்டமைப்பு மாற்றத்தில் இதுவே இடறும். “இந்த அட்டவணை உண்டா?” என்று நிரல் கேட்கிறது, உரிமை இன்மையால் ‘இல்லை’ என்று விடை வருகிறது. உருவாக்க முனைந்தால், ஏற்கெனவே உள்ளதெனப் பிழை எழுகிறது. பிஜி_கிளாஸ் என்னும் உள்பட்டியலோ இயல்பாகவே அனைவரும் படிக்கத்தக்கது.

இரண்டாவது இடர் காலம் பற்றியது. இரு நிரல்கள் ஒரே நொடியில் கேட்டால், இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே விடை வரும். இரண்டும் உருவாக்க முனையும்; ஒன்று தோற்கும். 2006இல் 8.2 பதிப்பில் வந்த அறிவுறுத்தல் பூட்டு இதற்குத் துணை செய்கிறது. பூட்டைப் பெற்றவர் கேட்டு, உருவாக்கி, முடித்த பின்னரே அடுத்தவர் கேட்கலாம். எனினும் அனைவரும் அப்பூட்டை மதித்தால்தான் பயன்.

தரவுத்தளமே தன் பட்டியலைப் படிக்கும்போதும் இவ்விடர் இருந்தது. படிக்கும் வேளையில் ஒரு வரிசை மாறினால், அதன் பழைய வடிவமும் புதிய வடிவமும் கண்ணில் படாமல் போகக்கூடும். 2014இல் வெளிவந்த 9.4 பதிப்பு, ஒரு கணத்தின் நிலையான தோற்றத்தைக் கொண்டு பட்டியலைப் படிக்கும் முறைக்கு மாறியது.

ஆகவே, பட்டியல் ‘இல்லை’ என்றால், யாருக்கு இல்லை, எந்தக் கணத்தில் இல்லை என்று கேட்பதே அறிவுடைமை என்பேன்.