மான்சனார் தேசிய வரலாற்றுத் தலம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு இருக்கிறது. மான்சனார் அங்குள்ள பாதுகாக்கப்பட்ட வரலாற்றுத் தலம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைக்க அமெரிக்க அரசு அமைத்த பத்து முகாம்களுள் ஒன்று, 1942 மார்ச் முதல் 1945 நவம்பர் வரை இங்கே இயங்கியது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே சுமார் 370 கி.மீ. தொலைவில், 395ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே இடம் அமைந்திருக்கிறது. 1992 மார்ச் 3 அன்று தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காச் சேவை இதை நிர்வகிக்கிறது. பரப்பு 814 ஏக்கர்.

முகாமுக்கு முன்

பையூட் பழங்குடியினர் நெடுங்காலம் வாழ்ந்த மண் இது. 1863இல் அமெரிக்கப் படையினர் அவர்களில் பெரும்பகுதியினரை இங்கிருந்து தெற்கேயுள்ள டெஹோன் கோட்டைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். 1910இல் இங்கே ஒரு பழத்தோட்டக் குடியிருப்பு எழுந்தது. மான்சனார் என்ற ஸ்பானியச் சொல்லுக்கு ஆப்பிள் தோட்டம் என்று பொருள். லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம் தன் குடிநீருக்காகப் பள்ளத்தாக்கின் நிலங்களை வாங்கிக்கொண்டே வந்தது. தண்ணீர் போனதும் தோட்டக்காரர்களும் போய்விட்டார்கள், 1929 வாக்கில் ஊர் காலி. அவர்கள் நட்ட பேரி மரங்களும் ஆப்பிள் மரங்களும் சில இன்றும் காய்க்கின்றன. ஒரே மண்ணிலிருந்து மூன்று மக்கள் கூட்டங்கள் போயிருக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இந்த இடம் முழுமையாகப் புரியும்.

முகாம்

ஜப்பான் நடத்திய பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு இரண்டு மாதங்களுக்குப் பின், 1942 பிப்ரவரி 19 அன்று, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அதன்படி மேற்குக் கடற்கரையிலிருந்து சுமார் 1,20,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்கினார்கள்.

மான்சனாரில் மொத்தம் 11,070 பேர் அடைக்கப்பட்டார்கள். 1942 செப்டம்பரில் ஒரே சமயத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். முகாமைச் சுற்றி முள்கம்பி வேலி, எட்டுக் காவல் கோபுரங்கள், இரவில் தேடுவிளக்கு. உள்ளே 36 பிரிவுகள், பிரிவுக்கு 14 கொட்டகைகள். ஒவ்வொரு கொட்டகையும் 100 அடி நீளம், 20 அடி அகலம். பச்சை மரப்பலகைகளை அடித்து மேலே தார்த்தாள் ஒட்டி அவசரமாகக் கட்டியவை அவை. மரம் காயக் காயப் பலகைகள் விலகின. பாலைக்காற்று அடிக்கும்போது தரையின் இடுக்குகள் வழியாக மணல் மேலே எழுந்தது. பலகையில் கணு விழுந்த ஓட்டைகளைத் தகர டப்பா மூடிகளை வைத்து ஆணியடித்து அடைத்தார்கள். அறைக்கு எட்டுப் பேர், ஒரு எண்ணெய் அடுப்பு, உத்தரத்தில் தொங்கும் ஒரு பல்பு, வைக்கோல் திணித்த மெத்தை. கழிப்பறையில் தடுப்புகளே கிடையாது. மானத்துக்கு அஞ்சிய பெண்கள் சிலர் அட்டைப்பெட்டியை மறைப்பாகக் கொண்டுபோனார்கள்.

1942 டிசம்பர் 6 அன்று, சமையற்கூடத் தொழிலாளர் ஒருவரின் கைதை எதிர்த்துக் கூட்டம் திரண்டபோது இராணுவப் போலீசார் சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். அனாதைக் குழந்தைகளுக்கென்று ஒரு தனி இல்லமும் இந்த வேலிக்குள்ளேயே இருந்தது. கைக்குழந்தையால் நாட்டுப் பாதுகாப்புக்கு என்ன ஆபத்து என்று அன்று அதிகாரத்தில் இருந்த யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கு நடுவிலும் கொட்டகைகளின் ஓரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை அமைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்னே வரிசையில் நிற்பவர்கள் பார்த்து ஆறுதல் கொள்ளக் குளமும் கல்லடுக்கும் கட்டினார்கள்.

எஞ்சியவை

போர் முடிந்ததும் கொட்டகைகள் பலகை விலைக்கு விற்கப்பட்டன. தரைக்கு மேல் பெரிதாக நின்றவை சிலவே: நுழைவாயிலின் இரண்டு கல் காவலறைகள், 1944இல் கைதிகளே கட்டிய அரங்கம், கல்லறைத் தோட்டத்தின் வெள்ளைத் தூண். அரங்கத்தை மாவட்ட நிர்வாகம் சாலைத்துறை வண்டிகளுக்கான கொட்டிலாக வைத்துக்கொண்டது. பயன்பாட்டில் இருந்ததால் அது தப்பித்தது.

வெள்ளைத் தூணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரியோசோ காடோ என்ற கொத்தனார், தானும் கைதியாக இருந்துகொண்டு, 1943 ஆகஸ்டில் எழுப்பியது அது. காவலறைகளும் அவர் கைவேலைதான். கான்கிரீட் செலவுக்குக் குடும்பத்துக்குப் பதினைந்து சென்ட் வீதம் வசூலித்தார்கள். தூணின் முகப்பில் உள்ள மூன்று கரிய எழுத்துகள் 'ஆன்மாக்களை ஆற்றும் கோபுரம்' என்று பொருள்படும். பின்னால் வில்லியம்சன் சிகரம். மான்சனாரின் படம் என்றால் உலகமெங்கும் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான்.

பெயருக்காக நடந்த போராட்டம்

விடுதலையாகி வந்தவர்களில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. பெற்ற பிள்ளைகளிடம்கூட 'அந்தக் காம்ப்' என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை. இரண்டு மதகுருமார்கள் மட்டும் ஆண்டுதோறும் வந்து கல்லறையில் வழிபட்டுப் போனார்கள். 1969 டிசம்பரில், உறைய வைக்கும் குளிரில், சுமார் 150 பேர், பெரும்பாலும் மாணவர்கள், திரண்டு வந்து கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்தார்கள். அதுதான் முதல் மான்சனார் யாத்திரை. அதில் கலந்துகொண்ட சூ குனிடோமி எம்ப்ரி இளம்பெண்ணாக இங்கே அடைபட்டிருந்து, முகாம் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் பள்ளி ஆசிரியை. இந்த இடத்தைக் காக்கப் போராடிய மான்சனார் குழுவை 2006இல் இறக்கும்வரை முன்னின்று நடத்தினார். இன்று இந்த இடம் இருக்கிறதென்றால் முதல் நன்றி அவருக்கே.

1972இல் மாநில அரசு இதை வரலாற்றுச் சின்னமாக ஏற்றது. கல்வெட்டில் என்ன எழுதுவது என்பதில் தகராறு மூண்டது. அரசு ஆவணங்கள் 'இடமாற்ற மையம்' என்றன. இருந்து அனுபவித்தவர்கள் கான்சன்ட்ரேஷன் கேம்ப் என்றே எழுத வேண்டும் என்றார்கள். தமிழில் இதை 'வதைமுகாம்' என்று எழுதினால் நாஜிகளின் கொலைக்கூடங்களே கண்முன் வரும். மூலச்சொல்லோ மக்களைக் கூட்டமாகப் பிடித்து அடைப்பதையே குறிக்கிறது, ரூஸ்வெல்ட்டே அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். இனவெறி என்ற சொல்லும் இடம்பெற வேண்டுமென்று குழு விடாமல் நின்றது. 1973 ஏப்ரலில் நிறுவப்பட்ட கல்வெட்டில் இரண்டு சொற்களும் இருக்கின்றன. பின்னர் யாரோ அந்தப் பலகையை வெட்டிச் சிதைக்க முயன்றார்கள். அந்த வடுக்களோடேயே அது காவலறைச் சுவரில் நிற்கிறது. இதைவிட நல்ல காட்சிப்பொருள் எந்த அருங்காட்சியகத்திலும் இருக்க முடியாது.

1985இல் தேசிய அளவிலான வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. 1988இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், உயிரோடிருந்த முன்னாள் கைதிகளுக்கு அரசின் மன்னிப்பையும் தலைக்கு 20,000 டாலரையும் வழங்கியது. 1992இல் இதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்த சட்டத்துக்குப் பிறகும் நிலம் கைக்கு வரவில்லை. அது லாஸ் ஏஞ்சலஸ் மாநகரின் குடிநீர், மின்துறைக்குச் சொந்தமாக இருந்தது. நிலம் மாற்றிக்கொள்ளப்பட்டது 1997இல். உள்ளூரிலும் எதிர்ப்பு இருந்தது. காவல் கோபுரங்களே இருந்ததில்லை என்றுகூடச் சிலர் வாதிட்டார்கள். கோபுரக் கால்கள் நின்ற கான்கிரீட் அடித்தளங்கள் மண்ணிலேயே கிடந்தன.

பாதுகாப்புப் பணி

எதை மீண்டும் கட்டுவது, எதை அப்படியே விடுவது என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. அரங்கம் 2004இல் பார்வையாளர் மையமாகத் திறக்கப்பட்டது. அடைபட்டவர்களின் பெயர்களை ஒரு பெரிய திரையில் அச்சிட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு காவல் கோபுரம் 2005இல் எழுப்பப்பட்டது. 14ஆம் பிரிவில் இரண்டு கொட்டகைகளைப் புதிதாகக் கட்டி, முதல் ஆண்டின் வெறுமையையும் பிந்தைய ஆண்டுகளின் ஒட்டுவேலைகளையும் தனித்தனியே காட்டுகிறார்கள். அளவும் அமைப்பும் தெரிந்துகொள்ளப் புகைப்படங்கள் உதவின. ஆன்சல் ஆடம்ஸ், டோரதியா லாங் எடுத்தவை ஒருபுறம். கைதியாக இருந்த டோயோ மியாடாகே, ஒளித்துக் கொண்டுவந்த லென்ஸை மரப்பெட்டியில் பொருத்தி எடுத்தவை மறுபுறம்.

மீதி 35 பிரிவுகளும் வெட்டவெளிதான். மரங்களுக்கு நடுவே சிமென்ட் தளங்கள், பிரிவு எண் தாங்கிய பலகைகள். எல்லாவற்றையும் கட்டி நிரப்பாமல் விட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பத்தாயிரம் பேர் இருந்த ஊர் எப்படித் துடைத்தெடுக்கப்பட்டது என்பதை அந்த வெறுமை காட்டுகிறது.

மிக நேர்த்தியான வேலை மண்ணுக்கு அடியில் நடந்திருக்கிறது. தொல்லியலாளர் ஜெஃப் பர்ட்டனின் தலைமையில் தன்னார்வலர்கள் மணலை அள்ளி அள்ளித் தோட்டங்களை வெளிக்கொணர்ந்தார்கள். தோண்டியவர்களில் முன்னாள் கைதிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டு. முகாமுக்குள் இருந்த மெரிட் பூங்காவின் குளங்களும் பாறை அடுக்குகளும் இப்படித்தான் மீண்டன. ஈரச் சிமென்டில் விரலாலும் குச்சியாலும் எழுதிய பெயர்களும் தேதிகளும் பல இடங்களில் கிடைத்தன. நீர்த்தொட்டி ஒன்றின் சுவரில் ஜப்பானியப் பேரரசை வாழ்த்தும் வரிகள்கூட இருக்கின்றன. முகாமுக்குள் இருந்த கோபத்தின் சான்று அது. சங்கடம் தருகிறதே என்று அதைப் பூசி மறைக்கவில்லை.

2006இல் இயற்றிய ஒரு சட்டம் இத்தகைய தடுப்பு முகாம்களைப் பாதுகாக்க 3.8 கோடி டாலர் வரை மானியம் வழங்க வழிசெய்தது. கொலராடோவின் அமாச்சே முகாமும் 2022இல் பாதுகாப்புக்குள் வந்தது.

யாத்திரை ஏப்ரல் மாதத்துக்கு மாறி, ஆண்டுதோறும் தொடர்கிறது. பத்து முகாம்களின் பெயர் தாங்கிய பதாகைகளோடு வெள்ளைத் தூணுக்கு நடக்கிறார்கள். தூணில் காகிதக் கொக்குச் சரங்கள் தொங்கும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்க முஸ்லிம்களும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். பல சமய வழிபாடு முடிந்ததும், நம் கும்மியைப் போல வட்டமாக நின்று ஆடும் ஒண்டோ நடனம் தொடங்கும். அந்த வட்டத்தில் சிறு வயதில் இங்கே அடைபட்டிருந்த முதியவர்கள் சிலரும் நிற்பார்கள்.