கல்லூரி வீரரை எடைபோடுதல்: அமெரிக்கக் கால்பந்து டிராஃப்ட்டில் கணிப்பும் அதன் விலையும்

அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீகின் 32 அணிகள் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் இறுதியில் கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளில் முறைவைத்து எடுத்துக்கொள்கின்றன. முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. வாகை சூடிய அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935இல் முன்வைத்து, 1936இல் நடப்புக்கு வந்த இந்த ஏற்பாடுதான் டிராஃப்ட். நலிந்த அணி நிமிர வழி செய்வது அதன் நோக்கம். அது நிறைவேற வேண்டுமானால், இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் இன்னும் சில ஆண்டுகளில் எப்படி ஆடுவார் என்பதை முன்வரிசை அணி ஓரளவாவது சரியாகக் கணிக்க வேண்டும். இந்தக் கணிப்பு வீண் முயற்சி என்று வாதிடுவோர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. கணிப்பு எவ்வளவு தவறக்கூடும் என்பதை அணிகள் விலையில் சேர்க்காமல் விடுவதே மெய்யான குறை என்பது என் வாதம். எடைபோடுதலின் தரமும் எடைக்குக் கொடுக்கும் விலையும் வெவ்வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இத்துறையில் பெருந்தவறுகள் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன.

தகவலுக்குப் பஞ்சமே இல்லை. கல்லூரி ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளைத் தேர்வாளர்கள் ஆண்டு முழுதும் பார்க்கிறார்கள். இண்டியானபோலிஸ் நகரில் நடக்கும் கம்பைன் என்னும் பரிசோதனை முகாமில் 40 கெஜ ஓட்டம், 225 பவுண்டு எடையைப் படுத்தபடி தூக்குதல், நின்ற இடத்திலிருந்து தாவுதல், மருத்துவச் சோதனை, நேர்காணல் எல்லாம் உண்டு. 50 கேள்விகளை 12 நிமிடங்களில் விடுவிக்கும் வொண்டர்லிக் அறிவுத் தேர்வும் 2022இல் கைவிடப்படும்வரை அங்கே நடந்தது. இவ்வளவு இருந்தும், அந்த ஓட்டத்தை 5.28 நொடியில் முடித்த டாம் பிரேடி 2000ஆம் ஆண்டில் 199ஆவது வீரராகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் ஏழு கோப்பைகளை வென்றார். 2017இல் 4.22 நொடியில் ஓடி அன்றைய சாதனையைப் படைத்த ஜான் ராஸ் ஒன்பதாவதாக எடுக்கப்பட்டார். அந்த இடத்துக்கு ஏற்ற ஆட்டத்தை அவரால் தர முடியவில்லை. ஆனால் இத்தகைய கதைகளை அடுக்கி எதையும் நிறுவ முடியாது. பிரேடியைப் போலப் பின்வரிசையில் எடுக்கப்பட்டு ஓரிரு ஆண்டுகளில் மறைந்துபோனவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவர்களை யாரும் நினைவில் வைப்பதில்லை.

தனிக்கதைகளை விட்டு மொத்தக் கணக்குக்குப் போனாலும் கவனம் தேவை. தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றி டேவிட் பெர்ரியும் ராப் சிம்மன்சும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, டிராஃப்ட்டில் எடுக்கப்பட்ட வரிசைக்கும் களத்தில் ஒவ்வோர் ஆட்ட நகர்விலும் காட்டிய திறனுக்கும் தொடர்பு மெலிந்ததே என்று காட்டியது. இதை வைத்துத் தேர்வாளர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டுவது அவசரம். பின்வரிசையில் எடுக்கப்பட்டவர் எளிதில் களமிறங்க மாட்டார். பயிற்சியில் தன்னை நிரூபித்தால்தான் பந்து அவர் கைக்கு வரும். ஆகவே நம் கணக்கில் சேரும் பின்வரிசைக்காரர்கள் ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டவர்கள். முன்வரிசைக்காரருக்கோ திறமை குறைந்தாலும் வாய்ப்பு நீள்கிறது, ஏனெனில் அவர்மேல் அணி கொட்டிய முதலீடு பெரிது. ஆடியவர்களின் ஆட்டத்திறனை மட்டும் பார்த்தால் தேர்வாளர்களின் திறன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். ஓட்ட நேரத்துக்கும் பிற்காலத் திறனுக்கும் தொடர்பு குறைவாகத் தெரிவதிலும் இதே சிக்கல் உண்டு: மெதுவாக ஓடியும் எடுக்கப்பட்டவரிடம் வேறு ஏதோ பெரிய பலம் இருந்திருக்க வேண்டும்.

இந்தச் சிக்கலிலிருந்து பெருமளவு தப்பும் வழி கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. தேலர் 2017இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர். ஒரே ஆட்டநிலைக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரை அவர்கள் ஒப்பிட்டனர். முன்னவர் பின்னவரைவிடச் சிறப்பாக அமைந்த வாய்ப்பு ஏறத்தாழ 52 விழுக்காடு. காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். நீண்ட தொலைவில் கணிப்பு பலிக்கிறது. முதற்சுற்று வீரர்கள் ஆறாம் சுற்று வீரர்களைவிடச் சராசரியில் மிக மேலானவர்கள் என்பதில் ஐயமில்லை. அடுத்தடுத்து நிற்கும் இருவரைப் பிரித்தறிவதில்தான் கணிப்பு தடுமாறுகிறது. அணிகளோ அந்தக் குறுகிய இடைவெளிக்கே பெருவிலை கொடுக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில் உருவாகி, அணிகள் தேர்வு இடங்களைத் தமக்குள் மாற்றிக்கொள்வதற்காக லீக் முழுதும் பரவிய மதிப்பு அட்டவணையில் முதல் இடத்துக்கு 3000 புள்ளி, பத்தாவது இடத்துக்கு 1300, 32ஆவது இடத்துக்கு 590. முதல் வீரர் ஒருவர் 32ஆவது இடத்து வீரர்கள் ஐவருக்கும் மேலானவர் என்பது இதன் பொருள். களத்தில் காணும் எந்த வேறுபாடும் இந்தச் செங்குத்துச் சரிவை நியாயப்படுத்துவதில்லை.

2017ஆம் ஆண்டு இதற்குத் தெளிவான சான்று. மூன்றாவது இடத்திலிருந்த சிகாகோ பேர்ஸ், ஒரே ஓர் இடம் முன்னேறுவதற்காகத் தன் இடத்தோடு மேலும் மூன்று தேர்வு வாய்ப்புகளை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து, குவார்ட்டர்பேக் மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்தது. அதே நிலையில் ஆடும் பேட்ரிக் மகோம்ஸ் பத்தாவது இடம்வரை காத்திருந்தார். கேன்சஸ் சிட்டிக்குப் போய் மூன்று சூப்பர் பவுல்களை வென்றார். மகோம்ஸை விட்டுவிட்டார்களே என்று சிகாகோவைப் பழிப்பது பின்னறிவு. அவரை வேறு பல அணிகளும்தான் கடந்துபோயின. பழிக்கத்தக்கது வேறு. ட்ருபிஸ்கியே மேல் என்ற தீர்ப்பு மயிரிழையில் நிற்பது என்பதை அந்த அணி உணர்ந்திருந்தால், ஓர் இடத்துக்காக மூன்று வாய்ப்புகளைக் கொடுத்திருக்காது. அந்தப் பத்தாவது இடத்தைக் கேன்சஸ் சிட்டிக்கு விற்ற பஃபலோ பில்ஸின் நிலையையும் பார்க்க வேண்டும். மகோம்ஸைத் தந்த இடத்தையே அவர்கள் கைவிட்டார்கள். ஆயினும் அதற்கு ஈடாக அடுத்த ஆண்டின் முதற்சுற்று வாய்ப்பையும் பெற்றார்கள். 2018இல் அவர்கள் ஏழாவதாக எடுத்த ஜாஷ் ஆலன், கல்லூரியில் வீசிய பந்துகளில் 56 விழுக்காட்டையே சகவீரர் கையில் சேர்த்தவர் என்று பலராலும் சந்தேகிக்கப்பட்டவர். இன்று அவர் லீகின் முன்னணிக் குவார்ட்டர்பேக்குகளில் ஒருவர். ஆலனுக்காகப் பஃபலோவும் விலை கொடுத்து முன்னேறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கையில் பல வாய்ப்புகளைச் சேர்த்து வைத்திருந்ததால், அந்தத் துணிவு தோற்றிருந்தாலும் அணி மூழ்கியிருக்காது.

இந்த வாதத்துக்கு எதிராக இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது சம்பளம் பற்றியது. மாசி, தேலர் ஆராய்ந்த காலத்தில் முதலிடத்து வீரருக்கு அளவுக்கு மீறிய ஊதியம் போனது. 2010இல் சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்கு 78 மில்லியன் டாலர்வரை சென்றது. 2011இல் வந்த புதிய ஊதிய வரம்புக்குப் பின் அதே இடத்தில் எடுக்கப்பட்ட கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 22 மில்லியன்தான். எனவே முன்வரிசை இடங்கள் இப்போது மலிவு, பழைய முடிவு காலாவதி என்கிறார்கள். பாதி சரி. முதலிடத்தை வைத்திருப்பது இன்று முன்னைவிட இலாபம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த இடத்தை வாங்கக் கொடுக்கும் விலை சம்பளத்தில் இல்லை; பிற தேர்வு வாய்ப்புகளில் இருக்கிறது. 52 விழுக்காட்டுக் கணக்கை எந்த ஊதிய ஒப்பந்தமும் மாற்றாது.

இரண்டாவது மறுப்பு குவார்ட்டர்பேக்கைப் பற்றியது, இது இன்னும் வலியது. ஒரு நேரத்தில் ஒருவரே ஆடக்கூடிய நிலை அது. நான்கு நடுத்தரக் குவார்ட்டர்பேக்குகள் சேர்ந்து ஒரு மேதைக்கு ஈடாக மாட்டார்கள். வெற்றி தோல்வியில் அந்த ஒருவரின் பங்கு மிகப் பெரிது. ஆகவே என்ன விலையும் தகும் என்கிறது மறுப்பு. மேதையின் மதிப்பு உயர்ந்தது என்பது மெய். அதனாலேயே அவர் யார் என்று நமக்கு அதிகம் தெரிந்துவிடுவதில்லை. பெய்டன் மேனிங்கும் ரயன் லீஃபும் 1998இல் முதலிரு இடங்களில் எடுக்கப்பட்டவர்கள். இருவரில் யார் முதல் என்ற விவாதமே அப்போது நடந்தது. லீஃபின் தொழில்வாழ்வு விரைவில் சரிந்தது. பரிசு பெரிதாக இருக்கும்போது ஒரே சீட்டில் எல்லாப் பணத்தையும் வைப்பதைவிட, குறைந்த விலையில் பல முறை முயல்வதே அறிவுடைமை. 2012இல் ரசல் வில்சனின் உயரக் குறைவைக் காட்டி மற்ற அணிகள் தயங்க, சியாட்டில் அவரை 75ஆவதாக எடுத்தது. அதே ஆண்டில் வேறோர் அணியிலிருந்து நல்ல ஊதியத்துக்குக் குவார்ட்டர்பேக் மாட் ஃபிளினையும் அது சேர்த்திருந்தது. இரண்டு வழிகளில் ஒன்று பலித்தது.

கணிப்பின் எல்லை தேர்வாளரின் கண்ணோடு முடிவதில்லை. வீரரின் எதிர்காலம் அவருக்குள்ளேயே முழுமையாக இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்ற எண்ணமே பிழையானது. 2005இல் முதலாவதாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித், தாக்குதல் பயிற்சியாளர்கள் ஏறக்குறைய ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருந்த சான் பிரான்சிஸ்கோவில் தோல்வி என்று முத்திரை குத்தப்பட்டார். 2011இல் தலைமைப் பயிற்சியாளராக ஜிம் ஹார்பா வந்ததும் அதே அணி 13 ஆட்டங்களை வென்றது. பிறகு கேன்சஸ் சிட்டியிலும் ஸ்மித் பல ஆண்டுகள் வென்றார். அதே டிராஃப்ட்டில் 24ஆவதாக எடுக்கப்பட்ட ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று ஆண்டுகள் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் அமர்ந்து கற்றார். இருவரும் இடம் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எந்தக் கம்பைனும் அளக்காது. இப்படி வளர்ப்பில் விளையும் பகுதியை முன்கூட்டியே எடைபோட முடியாது என்பதால், தகவலை எவ்வளவு கூட்டினாலும் பிழை ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காது.

அப்படியானால் அணிகள் ஏன் மாறவில்லை? முடிவெடுப்பவரின் காலக்கெடுவே காரணம் என்பது என் கருத்து. அடுத்த ஆண்டின் முதற்சுற்று வாய்ப்பை இந்த ஆண்டின் இரண்டாம் சுற்று வாய்ப்புக்கு இணையாகப் பாவிக்கும் வழக்கம் லீகில் நெடுங்காலமாக உண்டு. அடுத்த ஆண்டு தன் நாற்காலி இருக்குமா என்று அஞ்சும் மேலாளருக்கு மட்டுமே அந்தக் கணக்கு பொருந்தும், அணிக்குப் பொருந்தாது. 2021இல் குவார்ட்டர்பேக் டிரே லான்ஸுக்காக மயாமிக்கு மூன்று முதற்சுற்று வாய்ப்புகளைக் கொடுத்த சான் பிரான்சிஸ்கோ, 2023இல் அவரை டல்லஸுக்கு ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு விற்றது. இடையில் 2022இன் கடைசித் தேர்வாக, 262ஆவது இடத்தில் எடுத்த பிராக் பர்டிதான் அந்த அணியை 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுலுக்குக் கொண்டுசென்றார். அவ்வளவு பெரிய இழப்புக்குப் பின்னும் மேலாளரையும் பயிற்சியாளரையும் உரிமையாளர் மாற்றவில்லை. ஒவ்வொரு தேர்வாளரும் தன் கணிப்பைப் பிறர் கருத்து அறியுமுன் நிகழ்தகவாக எழுதிவைக்க வேண்டும் என்றும், அறிமுக ஒப்பந்தத்தின் நான்கு ஆண்டுகள் முடிந்ததும் அதை விளைவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றும் சொல்லக்கூடியவர் அத்தகைய உரிமையாளர்தான். அந்த நான்கு ஆண்டுகளுக்கும் தங்கள் வேலைக்கு உறுதி இருந்தால்தான் தேர்வாளர்கள் அங்கே உண்மையான எண்ணை எழுதுவார்கள்.